நல்ல காது

ஆம்ப்ளிஃபயரின் ஃபியூஸைப் பிடுங்கி மேசைமேல் வைத்த பிறகும், காரின் இடது கதவிலிருந்த ஸ்பீக்கரின் கறுப்புக் கூம்பு மெதுவாக உள்ளே போனது, ஒரு கணம் நின்றது, பிறகு மெதுவாக வெளியே வந்தது.

மீட்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கையில் எந்நேரமும் மல்டிமீட்டரோடு திரிவதால் கடை முதலாளி வைத்த பெயர் அது. பதினோரு வருடமாகக் கார்களுக்கு ஆடியோ மாட்டுகிறான். மின்சாரம் இல்லாமல் எந்த ஸ்பீக்கரும் அசைந்து அவன் பார்த்ததில்லை. நூலளவு அசைவுதான். மழைக்காற்றாக இருக்கும் என்று ஷட்டரை இறக்கினான், மின்விசிறியை நிறுத்தினான், ஒற்றைக் கார் மட்டுமே நுழையக்கூடிய அந்தப் பின்கொட்டகையில் ஈயம் உருகிய வாசனையும் நனைந்த கால்மிதியின் வாசனையும் அப்படியே தேங்கி நின்றன. கூம்பு உள்ளே போனது. வெளியே வந்தது.

வெளியே மழை. அவனுக்கு அது வலது காதில் மட்டும் பெய்தது.

ஐந்து மாதம் முன்பு ஒரு காய்ச்சல் வந்து, போகும்போது இடது காதையும் எடுத்துக்கொண்டு போனது. நரம்பு செத்துவிட்டது, இனி வராது என்றார் டாக்டர். மனைவிக்கும் மகளுக்கும் தெரியும். முதலாளிக்குத் தெரியாது. இவனுக்கு முன்னால் இருந்தவனுக்குக் காது மந்தமானபோது, "காது போனவன ஆடியோ கடையில வச்சு என்ன பண்றது, கார் கழுவ விடறதா" என்று சொல்லி ஒரே நாளில் அனுப்பியவர் அவர். அதனால் மீட்டர் இடது பக்கத்தை எண்களாலேயே சமாளித்தான். வோல்ட் சரியாக இருந்தால் பாட்டும் சரி. இதுவரை தப்பித்திருந்தான்.

இந்தக் காரைக் கொண்டுவந்தவர் மருந்து விற்பனைக்காரர். மதியமே வந்துவிட்டார். பேசும்போது வலது கன்னத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டினார். இடது காதில் பஞ்சு. அந்தக் கன்னத்தை மீட்டருக்கு நன்றாகத் தெரியும். அவனும் அப்படித்தானே நிற்கிறான்.

"என்ன சார் கம்ப்ளெயிண்ட்?"

"இடது பக்கம் சரியா பாடல."

"சுத்தமா வரலையா, இல்ல கரகரன்னு வருதா?"

"பாட்டு வருது. கூடவே…" அவர் நிறுத்திக்கொண்டார். "நான் சொன்னா புரியாது. நீங்களே அந்தப் பக்கத்து சீட்ல உக்காந்து கேளுங்க."

முதலாளி கல்லாவிலிருந்தே குரல் கொடுத்தார். "ஆறு மணிக்கு சார் கிளம்பணும் மீட்டரு. போன வாரம்தான் ஒரு வண்டி திரும்பி வந்துச்சு. இதுவும் வந்துச்சுன்னா உன் காத நானே டார்ச் அடிச்சுப் பாத்துருவேன்."

மீட்டர் சிரித்து வைத்தான். மருந்து விற்பனைக்காரர் சிரிக்கவில்லை.

இப்போது மணி மூன்றரை. ஃபியூஸைத் திரும்ப மாட்டிவிட்டு இடது இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினான். சோதனைக்கென்று வைத்திருக்கும் பாட்டைப் போட்டான். வலது காதில் பாட்டு வந்தது, எப்போதும் போல. அதற்கு அடியில், ஐந்து மாதமாகச் செத்துக் கிடந்த இடது காதில், இன்னொன்று வந்தது.

மூச்சு. நீளமாக, லேசான ஈரத்தோடு, அவசரமே இல்லாமல் உள்ளே இழுத்த மூச்சு. அதன் முடிவில், வெகுநேரம் ஒட்டியிருந்த உதடுகள் பிரியும் சத்தம். பேச வாயெடுத்தவர் பேசாமல் விட்டதுபோல.

முதலில் அவனுக்கு வந்தது பயமில்லை. காது திரும்பிவிட்டது என்று நினைத்தான். கண் கலங்கிவிட்டது. இடது காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கிப் பார்த்தான். கேட்கவில்லை. காதையே தட்டினான். கேட்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

கடைக்கும் கொட்டகைக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு உண்டு. அதன் வழியே மருந்து விற்பனைக்காரர் தெரிந்தார். காதிலிருந்து பஞ்சை எடுத்தார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். பஞ்சைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு முதலாளியிடம் டீ கேட்டார்.

மீட்டர் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினான். மாற்றி மாட்டிப் பார்ப்பது. இடதை வலதாக்கு, வலதை இடதாக்கு. பழுது எதனோடு நகர்கிறதோ அதில்தான் பழுது. டிக்கியைத் திறந்து ஆம்ப்புக்கு வரும் சிக்னல் வயர்களை மாற்றினான். மூச்சு இடதிலேயே இருந்தது. ஆம்ப்பிலிருந்து போகும் வயர்களை மாற்றினான். இடதிலேயே இருந்தது. இரண்டு கதவுகளின் ஸ்பீக்கர்களையும் கழற்றி இடம் மாற்றினான். அப்போதும் இடது. கடைசியில் இரண்டையும் கழற்றித் தரையில் வைத்தான். இடது கதவில் வெறும் ஓட்டை. ஓட்டைக்குள் இருட்டு. மூச்சு நிற்கவில்லை.

மாற்றாத பொருள் ஒன்றுதான் பாக்கி.

இருக்கையில் மண்டியிட்டு, பின்பக்கம் பார்த்துத் திரும்பினான். அவனுடைய இடது காது இப்போது காரின் வலது பக்கம் இருந்தது.

மூச்சும் அங்கே போயிருந்தது.

இறங்கி எல்லாவற்றையும் பழையபடி மாட்டினான். திருப்புளி இரண்டு முறை நழுவியது. காரை விட்டு வந்தும் மூச்சு கூடவே வந்தது. மேசையில், சுவரோரம், தண்ணீர்க் குழாயடியில். கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கவும் செய்தது. காதா, காரா? காது என்றால் வேலை போச்சு. கார் என்றால் எதைச் சரிசெய்வது? மணி நாலே முக்கால்.

கொட்டகையின் பக்கவாட்டுக் கதவு திறந்தது. மகள் குட்டி குடையை மடக்கிக்கொண்டு வந்தாள். ஒன்பது வயது. அம்மாவுக்கு வேலை முடியும்வரை தினமும் இங்கே ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். வழக்கம்போல அப்பாவைச் சுற்றிக்கொண்டு அவனுடைய வலது பக்கம் வந்துதான் பேசினாள்.

"ஏம்ப்பா வேர்த்திருக்கு?"

அவன் அவளுடைய காதுகளைப் பார்த்தான்.

அந்தத் தொழிலில் முதல் வருடமே கற்கும் பாடம் ஒன்று உண்டு. சந்தேகமான ஆம்ப்பில் நல்ல ஸ்பீக்கரை மாட்டிப் பார்க்கக் கூடாது. பழுது ஆம்ப்பில் இருந்தால் நல்லதும் கருகிவிடும். அவனே ஒருமுறை கருக்கியிருக்கிறான். நன்றாக நினைவிருந்தது.

"குட்டி, இந்த சீட்ல உக்காரு. அரை நிமிஷம்."

"எதுக்கு?"

"உன் காது நல்ல காதுல்ல. பாட்டு ரெண்டு பக்கமும் ஒழுங்கா வருதான்னு சொல்லு."

"அப்போ இன்னிக்கு நான்தான் மீட்டரா?"

"ஆமா. நீதான்."

கதவைச் சாத்தினான். கண்ணாடிக்குள் அவள் பாட்டுக்குத் தலையாட்டினாள். பிறகு ஆட்டவில்லை. இடது பக்கம் திரும்பினாள். வகுப்பில் டீச்சர் கேட்டதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தாள். உதடுகள் அசைந்தன. ஏதோ பதில் சொன்னாள். சின்னப் பதில்.

அவனுடைய இடது காதில் மூச்சு பாதியில் நின்றது.

ஒன்றுமில்லை. அதே பழைய ஒன்றுமில்லை. ஐந்து மாத நிசப்தம்.

கதவை இழுத்துத் திறந்தான். ஸ்பீக்கரின் கூம்பு அசையவில்லை.

"பாட்டு நல்லா வருதுப்பா. ரெண்டு பக்கமும்."

"வேற?"

"பேர் கேட்டாங்க."

"யாரு?"

குட்டி தோளைக் குலுக்கினாள். "சொன்னேன்."

அவளைத் தூக்கி வெளியே விட்டான். தான் உட்கார்ந்தான். கதவைச் சாத்தினான். பாட்டைக் கூட்டினான், குறைத்தான், நிறுத்தினான். இடது காதை ஸ்பீக்கரின் கம்பிவலையில் அழுத்தினான். வா, என்றான். வாய்விட்டே சொன்னான். திரும்பி உட்கார்ந்தான். மண்டியிட்டான். வரவில்லை. மாற்றி மாட்டினால் மாற வேண்டும். மாறவில்லை.

ஆறு மணிக்கு முதலாளி வந்து ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். "ரெண்டு பக்கமும் கணீர்னு இருக்கு. என்ன சொல்லு, உன் காது காதுதான் மீட்டரு." ஷட்டரை ஏற்றினார்.

மருந்து விற்பனைக்காரர் சாவியோடு வந்தார். மீட்டர் அவர் கையைப் பிடித்தான்.

"சார், இத எப்படித் திருப்பி வாங்கறது?"

அவர் முகத்தில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. அவனைத் தாண்டி ஸ்டூலில் இருந்த குட்டியைப் பார்த்தார். அவள் தலை இடது தோளை நோக்கிச் சாய்ந்திருந்தது. வெட்கம் போய்விட்டது. முகம் வெளுத்தது.

"நான் உங்களத்தான் உக்காரச் சொன்னேன்" என்றார்.

கையை உருவிக்கொண்டு ஏறினார். கார் பின்னால் போய், திரும்பி, மழைக்குள் மறைந்தது. இரண்டு பக்கமும் பாடிக்கொண்டே போனது.

சாரல் அடிக்கிறதென்று முதலாளி ஷட்டரை மறுபடி இறக்கிவிட்டுக் கல்லாவுக்குப் போனார்.

குட்டியின் நோட்டு திறந்திருந்தது. பென்சில் எழுதவில்லை. மீட்டர் மகளின் இடது பக்கம் போய் நின்றான். கூப்பிட்டான். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டான்.

அவள் அவனைப் பார்க்காமலே ஒரு விரலைத் தூக்கினாள். "இருங்கப்பா. பேசிட்டு இருக்காங்கல்ல."

மின்விசிறி ஓடவில்லை. காற்று இல்லை.

அவளுடைய இடது காதோர முடி மெதுவாகக் காதுக்குள் இழுபட்டது. ஒரு கணம் நின்றது. மெதுவாக வெளியே வந்தது.