மேடத்தை வெட்டியது யார்?

"ஐயோ… என் பொண்டாட்டியை வெட்டிட்டாங்க!"

1875. பாரிஸின் பத்திஞோல் தெருவே அதிர்ந்தது.

அலறியவர் நாவலாசிரியர் அன்செல்ம்.

லியோன் நகரத்திலிருந்து பாரிஸுக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த இன்ஸ்பெக்டர் மொரான், துப்பாக்கியோடு உள்ளே பாய்ந்தார்.

ரத்தம் இல்லை.

"பிணம் எங்க சார்?"

"பிணமா? நான் ஓவியத்தைச் சொன்னேன்."

சுவரில் ஒரு ஓவியம். சோபாவில் சாய்ந்தபடி அன்செல்ம். எதிரே காபி ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி சிதோனியைக் காணோம். மேலிருந்து கீழ்வரை, அந்தப் பாதியை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள்.

மொரான் குனிந்து பார்த்தார்.

"இது நீங்களா? வெறும் பெயின்ட்டா இருக்கே?"

"தள்ளி நின்னு பாருங்க சார்" என்றான் பாஸில். வரைந்தவன் அவன்தான். "புது பாணி. தூரத்துல நின்னாதான் மூக்கு தெரியும்."

"எவ்வளவு தூரம்? லியோன் வரைக்கும் போகணுமா?"

அன்செல்ம் பாஸிலை நோக்கி விரல் நீட்டினார்.

"இவன்தான் சார் திருடன். நாளைக்குக் கண்காட்சிக்குப் போக வேண்டிய படம். வரையுறப்போ என் மனைவியையே பார்த்துட்டிருந்தான்."

"பார்க்காம எப்படி சார் வரையறது?"

"காலையில இந்த ரூம்ல தனியா இருந்தது யாரு?" மொரான் கேட்டார்.

"நான்தான். வார்னிஷ் பூசிட்டிருந்தேன்."

"பையில என்ன?"

பாஸில் தயங்கினான். பிறகு எடுத்தான்.

கத்தி!

"பென்சில் சீவுறதுக்கு வெச்சிருக்கேன் சார்…"

"ஸ்டேஷன்ல வந்து சீவு."

கைவிலங்கு 'க்ளிக்' என்றது.

மாடியில், தலைவலி என்று படுத்திருந்த சிதோனி எழுந்து உட்கார்ந்தாள். அந்த இன்ஸ்பெக்டரின் குரல்… அவளுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு இருந்தால் தப்பிக்கலாம்.

ஆனால் ஒரு பாவமும் அறியாத பாஸில்?

இறங்கி வந்தாள்.

"இன்ஸ்பெக்டர், உங்ககூடத் தனியாப் பேசணும்."

திரும்பிய மொரானின் முகம் வெளுத்துப் போனது. மற்ற இருவரையும் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"கிளமான்ஸ்… நீயா?"

"இப்ப சிதோனி. அந்தப் பையனை விட்டுடுங்க. அவன் வார்னிஷ் பூசிட்டு வெளியே போனதும் வெட்டினது நான்தான். லியோன்காரங்க யாராவது கண்காட்சியில பார்த்து உங்ககிட்ட சொல்லிடுவாங்களோன்னு பயம். கடைசியில உங்களையே வீட்டுக்குள்ள வரவழைச்சிட்டேன்."

"ஏன் ஓடிப் போன?"

"உங்ககூடக் குடித்தனமா பண்ணினேன்? தினமும் வாக்குமூலம் கொடுத்தேன். சூப்புல உப்பு கூடினாக்கூட குறுக்கு விசாரணை. விவாகரத்துக்கு இந்த நாட்டுல சட்டம் கிடையாது. வேற என்ன பண்றது?"

மொரான் தொப்பியைக் கழற்றினார்.

"கட்டின புருஷன் நீங்க இருக்கறப்போ இன்னொருத்தரைக் கட்டிக்கிட்டேன். என்னைக் கைது பண்ணுங்க. அவருக்கு எதுவும் தெரியாது."

தையல் கூடையிலிருந்து சுருட்டிய கான்வாஸ் துண்டை எடுத்து நீட்டினாள்.

மொரான் விரித்துப் பார்த்தார். தள்ளிப் பிடித்தும் பார்த்தார்.

"இது நீயா? பெத்தவங்களுக்கே அடையாளம் தெரியாதே."

துண்டைக் கணப்பு நெருப்பில் போட்டார்.

"எதுக்கு எரிக்கிறீங்க?"

"எதுக்கும் ஒரு ஜாக்கிரதை. என் பொண்டாட்டிக்குக் கண்ணு கூர்மை."

"பொண்டாட்டியா?"

மொரான் குரலைத் தாழ்த்தினார்.

"நீ ரோன் ஆத்துல விழுந்து செத்துட்டேன்னு சொல்லித்தான் அவளைக் கட்டிக்கிட்டேன். நீ உயிரோட இருக்கறது தெரிஞ்சா, ஜெயில்ல உனக்குப் பக்கத்து அறை எனக்கு."

சிதோனி அவரையே பார்த்தாள். முதல்முறையாக இருவரும் ஒரே விஷயத்தில் ஒத்துப் போனார்கள்.

கதவு திறந்தது. பாஸிலின் விலங்கும் திறந்தது.

"எலி கடிச்சிருக்கு சார். கேஸ் முடிஞ்சுது."

அன்செல்ம் ஓவியத்தையும் இன்ஸ்பெக்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எலியா? அப்படின்னா என்னை மட்டும் ஏன் விட்டு வெச்சுது?"

மொரான் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"எலிக்கும் ருசின்னு ஒண்ணு இருக்குமில்ல சார்?"