குப்பையில கெடச்ச மகன்

என் பேரு நவநீதன். வயசு இருபத்தி நாலு. ஊரு கமுதி பக்கம் அபிராமம். இப்ப வளைகுடாவுல, ஏழாம் நம்பர் குப்பைத் தீவுல, மருந்துக் கொட்டகையில படுத்திருக்கேன். வலது கை நசுங்கிப்போச்சு. அதான் வாயால சொல்லி எழுத வைக்கிறேன். தப்பிருந்தா பொறுத்துக்கங்க.

பெரிய நகரத்துக் குப்பையெல்லாம் இங்கதான் வரும். பிரிக்கிறது எங்க வேலை. மூணு மாசத்துக்கு முன்னாடி, ஒரு சோபா மெத்தைக்குள்ள பதில்குரல் ஒண்ணு கெடச்சுது. சோப்புக்கட்டி அளவு. அரைநாள் நம்ம பேச்சைக் கேட்டாப் போதும், அப்புறம் போன் வந்தா நம்ம குரல்லயே நமக்குப் பதிலா பேசும். அப்பா அம்மாகிட்ட பேச நேரமில்லாத பணக்காரங்க வாங்குறது.

பதினாலு மணி நேரம் வேலை செஞ்சிட்டு வந்தா கண்ணு சொருகும். அப்பப் பாத்து அம்மா போன் வரும். அதனால வீட்டுக் கதையெல்லாம் அதுகிட்டச் சொல்லி, என் நம்பரை அதுல கோத்துவிட்டேன்.

"ஏலே, கக்கூஸுக்கும் உனக்குப் பதிலா அதையே அனுப்பு"ன்னு ரூம்ல இருக்கிற ஜெபசிங் சிரிச்சான்.

நான் நல்லாத் தூங்கினேன்.

ஒன்பது நாளைக்கு முன்னாடி அரவை மிஷின்ல கை மாட்டிச்சு. இப்ப முழங்கை வரைக்கும் கருத்து நாறுது. ஊருக்கு அனுப்புங்கன்னு கெஞ்சினா மேஸ்திரி சொல்றான்: "வீட்டு ஆளுங்க மனு குடுத்தா அனுப்பலாம். அவங்கதான் நீ சௌக்கியமா இருக்கேன்னு நினைக்கிறாங்களே." பதில்குரலை இப்ப அவன்தான் எடுத்து சார்ஜ்ல போட்டு வச்சிருக்கான். குப்பையில இன்னும் நாலு கெடைக்குதான்னு எல்லாரையும் தேட விட்டிருக்கான்.

நேத்து நர்ஸ் போன்ல அம்மாவைப் பிடிச்சேன்.

"அம்மா, நான் நவநீதன்மா. அங்க பேசறது நான் இல்ல, மிஷின்."

"யார்ரா நீ? எம்மவன் இப்பத்தான் பேசிட்டு வச்சான்."

"கை போச்சும்மா. ஓவியா காதுல தழும்பு எப்படி வந்துச்சுன்னு கேளு, சொல்றேன்."

"தங்கச்சி தழும்பா? அதை அவன் போன வாரமே சொல்லிச் சிரிச்சான். இப்படி அழுது ஏமாத்துற கும்பல் இருக்குன்னும் அவன்தான் சொன்னான்."

"அய்யோ அம்மா..."

"எம்மவன் முன்னெல்லாம் ரெண்டு வார்த்தையில எரிஞ்சு விழுவான். இப்ப மூணு மாசமாத்தான் சாப்பிட்டியாம்மான்னு கேட்டு நிதானமாப் பேசறான். அது பொறுக்கலையா உங்களுக்கு?"

வச்சுட்டாங்க. மறுபடி அடிச்சா, போலிக்குரல்னு எங்க வீட்டுப் போனே என்னைத் தள்ளிவிடுது. எழுதி அனுப்பினாலும் போகல.

அதான் ஜெபசிங் போன்லேருந்து அபிராமத்து நம்பர் எது கெடச்சாலும் இதை அனுப்பறோம். எங்கம்மா பேரு பூமயில். வாரச்சந்தைக்கு எதிர்த்தாப்ல, பச்சைக் கேட்டு வீடு. போன் பண்ணாதீங்க, நேர்ல போங்க. நீங்க போறப்ப அம்மா அதுகூடத்தான் பேசிக்கிட்டு இருப்பாங்க. அந்தப் போனை வாங்கி வச்சிட்டு, இதைப் படிச்சுக் காட்டுங்க. கலெக்டர் ஆபீஸ்ல ஒரு மனு குடுக்கச் சொல்லுங்க. இன்னிக்கே போங்க.