பதினோராம் வளைவில் இரண்டு தட்டு

குருவிமலைக் கணவாயில் ஒரு நாளைக்கு அறுநூறு ட்ரெய்லர்கள் இறங்கின. அறுநூறும் பதினோராம் வளைவுக்கு வந்ததும் "புர்ர்... புர்ர்" என்று இரண்டு தடவை எக்ஸாஸ்ட் பிரேக்கைத் தட்டிவிட்டுத்தான் போயின. ஏன் என்று பவளக்கொடி ஒருத்திக்குத்தான் தெரியும். நாற்பது டன் இரும்போடு அவளும் அதே வளைவில் இறங்கிக்கொண்டிருந்தாள். அவள் இடது காலும் அவளைக் கேட்காமலே தரையிலிருந்த அந்த பிரேக் பொத்தானை இரண்டு தடவை அமுக்கியது.

"சரி சரி, வந்துட்டேன்யா" என்று சிரித்துக்கொண்டாள்.

அமுக்க வைத்தது கால்நினைவி. ஓட்டுநரின் பூட்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டு, கைதேர்ந்த ஒருவரின் கால் பழக்கத்தை நரம்புக்குச் சொல்லிக்கொடுக்கும் கருவி. அது வருவதற்கு முன்னால் இந்த இறக்கத்தில் நம் ஆட்கள் அடித்த கூத்து கொஞ்சமா? எரிபொருள் ஹைட்ரஜன் மிச்சமாகுமென்று நியூட்ரலில் போட்டு வண்டியை உருளவிடுவார்கள். அப்புறம் கால் பிரேக்கையே மிதித்து மிதித்து, டிரம் புகைந்து, பிரேக் பிடிக்காமல்... அந்தக் கண்றாவி நமக்கு வேண்டாம். மாதையன் ஒருத்தன்தான் உச்சியிலேயே கியரைக் குறைத்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடுவான். கழிவுக் காற்று போகும் வழி அடைபட்டதும் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். கால் பிரேக் பேருக்குத்தான். இருபத்தாறு வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது. கம்பெனி அவன் காலைப் பதிவு செய்து வைத்து, இந்த வருஷம்தான் எல்லோருக்கும் மாட்டிவிட்டது.

மாதையன் பவளக்கொடியின் புருஷன். மாரடைப்பில் போய் இரண்டு வருஷமாகிறது.

அந்தக் காலத்தில் பதினோராம் வளைவில் அவள் அப்பாவின் பஞ்சர் கடை இருந்தது. ஹாரன் அடித்தால் அப்பா எட்டிப் பார்ப்பார். எக்ஸாஸ்ட் பிரேக் எல்லா லாரியும் போடுவதுதானே, யார் கவனிக்கப்போகிறார்கள்? அதனால் மாதையன் அதை இரண்டு தடவை தட்டுவான். அவள் டியூபும் கையுமாக வெளியே வந்து நிற்பாள். அடடா, என்ன நாட்கள் அவை! கல்யாணமாகி, கடை போய், சாலை அகலமான பிறகும் அவன் கால் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

ஐப்பசி மழையில், அதே கம்பெனியில் ஓட்டும் சென்றாயன் காலி ட்ரெய்லரோடு இறங்கினான். பதினோராம் வளைவில் கால் தட்டியது. பாரமில்லாத சக்கரங்கள் ஈரத்தில் சறுக்க, பின்னாலிருந்த ட்ரெய்லர் தள்ளிக்கொண்டு வந்து வண்டி இரண்டாக மடங்கியது. மழையில் காலி வண்டிக்கு எக்ஸாஸ்ட் பிரேக் ஆகாது. மாதையனுக்கு அது தெரியும், மழை நாளில் தட்டவே மாட்டான். ஆனால் பதிவெடுத்தது சித்திரை வெயிலில், முழுப் பாரத்தோடு. கால்நினைவி மழையையே பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் சென்றாயன் மாவுக்கட்டோடு படுத்திருந்தான். "நான் அமுக்கலக்கா. காலு தானா அமுக்குச்சு. என் தப்புன்னு லைசென்ஸப் புடுங்கப் போறாங்களாம். வண்டி ஓட்டறத விட்டா எனக்கு வேற என்னக்கா தெரியும்?"

மூன்று நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அந்தப் பதிவை அழித்துவிடுவார்கள். மாதையன் அவளைக் கூப்பிடுவது அதோடு சரி. நான்காம் நாள் மறுபடி மழை இருட்டிக்கொண்டு வந்தபோது, கால்நினைவியைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் நஸ்ரினின் அறைக்கு எழுந்து போனாள். பஞ்சர் கடையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அது பிரேக் இல்ல மேடம். என்னைக் கூப்பிடறது" என்றாள்.

நஸ்ரின் திரையில் மாதையனின் பதிவைத் திறந்தாள். "இதை அழிச்சிட்டு, இந்த இறக்கத்தைப் புதுசா பதியணும். நீங்களே இறங்கிக் காட்டுறீங்களாக்கா?"

பழைய பதிவை அணைத்துவிட்டு, பவளக்கொடி பாரத்தோடும் காலியாகவும், வெயிலிலும் மழையிலும் எட்டு தடவை இறங்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு தடவைகூட அங்கே தட்டவில்லை. பழைய பதிவு அழிந்து, அவள் காலின் பதிவு எல்லோருக்கும் ஏறியது. சென்றாயனின் லைசென்ஸ் பிழைத்தது.

கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பிய சென்றாயன், அடிவாரத்து டீக்கடையில் அவளைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

"வண்டி பூ மாதிரி இறங்குதுக்கா. ஆனா பதினோராவது வளைவுல மட்டும் காலு ஆக்சிலேட்டருக்குப் போவ மாட்டேங்குது. ஏதோ சத்தம் வரும்னு நிக்கிற மாதிரி நின்னுடுது. எனக்கு மட்டுமில்ல, எல்லாருக்குமே இப்படித்தான். மேடமும் பாத்துட்டு, பழுது ஒண்ணும் இல்லங்கறாங்க. யாருக்கோசரங்க்கா நாங்க அங்க காத்துக்கிட்டு நிக்கிறோம்?"

பவளக்கொடி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். மேலே வண்டிகள் ஒவ்வொன்றாக அந்த வளைவில் தயங்கி, ஒரு சத்தமும் கேட்காமல், மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன.