புதுப் பல்லு

"கொழுக்கட்டையை அவள் கொட்டக் கூடாது, சொல்லிப்போட்டன்!"

காலையிலேயே தொடங்கிவிட்டாள் செல்வமலர். மகள் தக்ஷினியிடம் அவள் சொன்னது, பக்கத்திலேயே நின்று கொழுக்கட்டை விளிம்பில் பல்லுப் பல்லாகத் தேங்காய்ச் சொட்டுக் குத்திக்கொண்டிருந்த மருமகள் யோசெப்பினுக்குக் கேட்டது. ஹெயிட்டிக்காரிக்குத் தமிழ் விளங்காதாம்! புலம்பெயர்ந்து வந்த லாசால் நகரில் இந்த வீட்டுச் சோறு தின்று ஆறு வருசம். விளங்காமல் எங்கே போகும்?

"அம்மா, என்ர பிள்ளை பிரசாந்துக்குப் பல்லு முளைச்சதைக் கண்டதே அண்ணிதான். நான் வேலைக்குப் போனா அவனைப் பாக்கிறதும் அவதானே..."

"பாக்கட்டும். நல்ல காரியத்தில வேண்டாம். கறுப்புப் பொம்பிளையள் வரிசையாப் பெறுவினம் எண்டுதானே எல்லாரும் சொன்னவை! உன்ர அண்ணன் தேடிப் பிடிச்சது ஒரு மலடு..."

யோசெப்பினின் கை நிற்கவில்லை. கோபம் வரவேண்டும், அழுகையாவது வரவேண்டும். ஒன்றும் வரவில்லை. பனிக்குள் கையுறை இல்லாமல் நின்ற விரல்போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

ஆட்கள் வந்தார்கள். பல்லு நல்லபடி வளரப் பிள்ளையின் தலையில் கொழுக்கட்டை கொட்டவேண்டும். வெள்ளைத் துணி விரித்துப் பிரசாந்தை இருத்தினார்கள். யோசெப்பின் கிண்ணத்தைக் கொண்டுவர, செல்வமலர் வெடுக்கென்று பறித்தாள்.

"உனக்கென்ன அவசரம்? பிள்ளை பிறந்த கிழமை எட்டியும் பாக்காமல் கட்டையாட்டம் படுத்துக் கிடந்தவள்!"

யோசெப்பின் தமிழிலேயே பதில் சொன்னாள். குரல் உயரவில்லை.

"மாமி, நீங்கள் தக்ஷினியோட ஆஸ்பத்திரியில நிண்ட அந்தக் கிழமைதான் என்ர கர்ப்பப்பையை வெட்டி எடுத்தவை. வயித்தில கட்டி. நோகுது நோகுது எண்டு எத்தினை தரம் போனன்... 'உங்கட கறுப்பு ஆக்கள் நோ தாங்குவினம்' எண்டு டொக்டர் திருப்பி அனுப்பினார். பேந்து ஒண்டும் செய்யேலாமப் போச்சு. தக்ஷினியின்ர சந்தோசம் கெடக்கூடாது எண்டு நான்தான் இவரிட்ட, ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டனான்."

வீடியோக் கமராவோடு நின்ற அவள் கணவன் கஜரூபன் அதை இறக்கிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"ஐயோ அண்ணி... அடுத்த கிழமையே வயித்தில தையலோடயா பிள்ளை பெத்த எனக்குப் பத்தியச் சரக்கு இடிச்சுத் தந்தனீங்கள்!" தக்ஷினி கதறினாள்.

செல்வமலர் கிண்ணத்தை மருமகளின் கையில் திருப்பி வைத்தாள்.

"கொட்டு பிள்ளை... நீ கொட்டாமல் வேற ஆர் கொட்டிறது? நான் பாவி... என்ர வாய் அழுகிப் போக!"

கொழுக்கட்டைகள் பிள்ளையின் தலையில் விழுந்து உருண்டன. எல்லோரும் அழுதார்கள். மாமி கட்டிப்பிடித்தபோதும் யோசெப்பினின் கண் காய்ந்தே இருந்தது.

பிரசாந் சிரித்துக்கொண்டே அவள் விரலை இழுத்து வாய்க்குள் வைத்துக் கடித்தான். சுரீரென்று நொந்தது.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.