முதல் பக்கத்தில் பென்சில் எழுத்து

புத்தகத்தின் கடைசிப் பதினாறு பக்கங்கள் இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தன. அச்சகத்தில் மடித்த தாள் மடித்தபடியே, ஓரம் வெட்டுப்படாமல், ஐம்பது வருஷமாக ஒரு விரலும் உள்ளே போகாமல் கிடந்திருக்கிறது. காளிச்சாமி இரும்பு ஸ்கேலை உள்ளே விட்டு மெதுவாகப் பிரித்தார். பழந்தாள் நெடியும் கரப்பான்பூச்சி வாடையும் ஒன்றாகக் கிளம்பி மூக்கில் ஏற, இரண்டு தும்மல் போட்டுவிட்டுக் கடைசி அத்தியாயத்தைப் படித்தார். கொன்றவன் கம்பவுண்டர். புத்தகத்தை மூடும்போது முதல் பக்கம் கண்ணில் பட்டது. மேல் ஓரத்தில் பென்சிலால், ‘கொன்னது கம்பவுண்டர்’ என்று எழுதியிருந்தது.

வாடகை நூலகத்துப் புத்தகமென்றால் இதில் அதிசயமே இல்லை. படித்து முடித்த வயிற்றெரிச்சல் பிடித்தவன் எவனாவது கொலைகாரன் பெயரை முதல் பக்கத்திலேயே எழுதிவைத்து, அடுத்தவன் சோற்றில் மண்ணைப் போடுவது அந்தக் காலத்து வழக்கம்தான். ஆனால் இதை யாரும் படித்திருக்க முடியாது. அதோடு, ‘ன்’ மேல் புள்ளிக்குப் பதிலாகச் சின்ன வட்டம். அவர் மனைவி ராசாத்தாள் அப்படித்தான் போடுவாள். அவள் செத்து ஐந்து மாதம் ஆகிறது.

பயப்பட வேண்டிய இடம் இது என்று அவருக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. அழுகை, பசி, கதை, எதுவுமே இந்த ஐந்து மாதமாக வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி மனசு மரத்துக் கிடந்தது. புத்தகக் கட்டை விற்ற உக்கடம் பழைய புத்தகக் கடை ரசாக்குக்குப் போன் போட்டார்.

“நேத்து வாங்குன கட்டு யாரு ஊட்டுதுங்க ரசாக்?”

“ஊட்டுது இல்லீங்க சார். ஒரு அச்சாபீஸ் குடோனைக் காலி பண்ணுனாங்க. கைபடாத சரக்கு. ஏனுங்க, பக்கம் கிக்கம் கம்மியா இருக்குதுங்களா?”

“இல்லீங்க. எல்லாம் சரியா இருக்குது.”

காளிச்சாமி மின்வாரியத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ஓய்வுபெற்றவர். அந்த வேலையோடு வேலையாக நாற்பத்து மூன்று மர்ம நாவல் எழுதியிருக்கிறார். எழுதும் முறை ஒன்றுதான். லீவு நாள் காலையில் எழுதிய தாள்களைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு மத்தியானம் கண்ணயர்வார். ராசாத்தாள் பாத்திரம் கழுவிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து படிப்பாள். கொன்றது யாரென்று தன் ஊகத்தை முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதிவைப்பாள். சரியாக எழுதிவிட்டாளென்றால் போச்சு, காளிச்சாமி கொலைகாரனை மாற்றிவிடுவார். “என்ற ஊட்டுக்காரிகிட்ட மாட்டாதவன்தான் என்ற புஸ்தகத்துல கொலை பண்ணோணும்” என்று பதிப்பாளர் மதன்குமாரிடம் பீற்றிக்கொள்வார்.

நாற்பத்து நான்காவது நாவலின் கடைசி அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் உள்ளறையிலிருந்து அவள் கூப்பிட்டாள். ஏனுங்க. கேட்டது. இந்தப் பத்தியை முடித்துவிட்டுப் போகலாம் என்று எழுதினார். மறுபடி கூப்பிட்டாள். அதுவும் கேட்டது. மூன்றாவது குரல் மெலிசாக வந்தது. அத்தியாயத்தை முடித்து, அடியில் கோடு போட்டு, பேனாவை மூடிவிட்டு எழுந்து போனபோது நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர்.

திருப்பூரிலிருந்து அலறியடித்து வந்த மகள் மௌனிகாவிடம், “பக்கத்துப் பட்டறையில லேத்து ஓடுச்சு கண்ணு, அந்தச் சத்தத்துல காதுல உழுகலை” என்றார். வாயில் தானாக வந்தது. அவள் அப்படியே நம்பினாள். அந்தப் பட்டறை நாசமாய்ப் போக என்று சபித்துவிட்டு, “உங்க மேல என்னங்கப்பா தப்பு” என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவருக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு நம்பிக்கைதான். அது போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைத் தட்ட ஒரு ஆள் இருக்காது.

கம்பவுண்டர் அகப்பட்ட மறுநாள் காலை அவர் எழுத உட்கார்ந்தார். வந்தது. பன்னிரண்டு பக்கம். மேசையில் வைத்துவிட்டுப் படுத்தார். எழுந்து பார்த்தால் முதல் பக்கத்தில் ‘கொன்னது சம்பந்திக்காரன்’. சரிதான். ஆளை மாற்றினார். அடுத்த நாள் அதை அடித்துவிட்டு, ‘டிரைவர்’. அதுவும் சரி. நல்ல முன்னேற்றம்தான், இப்படிப் போனால் மாசக் கடைசியில் கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். அப்படி நினைத்தது அசிங்கமாக இருந்தது. ஆனாலும் எழுதினார்.

நான்காம் நாள் கதை அவரைக் கேட்காமல் திரும்பியது. ஒரு வீடு. உள்ளறையில் ஒருத்தி கூப்பிடுகிறாள். வெளியறையில் தங்கவேலு என்று ஒரு புருஷன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். கை நிற்காமல் எழுதி முடித்து மேசையில் வைத்தார். படுத்தார்; தூக்கம் வரவில்லை. பட்டறையில் லேத்து இரும்பைச் சீவும் கிறீச்சென்ற சத்தமும், குழாயடியில் யாரோ குடத்தை நகர்த்தும் சத்தமும், அவற்றுக்கு அடியில், ரொம்பக் கிட்டத்தில், நாற்காலி இழுபடும் சத்தமும் கேட்டன. தாள் புரண்டது. பாத்திரம் கழுவிய ஈரக் கையின் சபீனா வாசனை. பென்சில் உரசியது. கண்ணைத் திறக்கவில்லை.

முதல் பக்கத்தில் தங்கவேலு என்று இல்லை. ‘இவருதானுங்க’ என்று இருந்தது.

நாற்பத்து மூன்று நாவலில் எத்தனையோ பேரைப் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுத்தவள். ஒரே ஒரு பெயர்தான் அவள் வாயிலும் வராது, பென்சிலிலும் வராது. ரேஷன் கடைப் படிவத்தில்கூடப் புருஷன் பெயரைப் பக்கத்து வீட்டு அம்மணியை விட்டுத்தான் எழுதவைப்பாள்.

தெரிந்திருக்கிறது அவளுக்கு.

கிழித்துப் போட்டிருக்க வேண்டும். கிழிக்கவில்லை. இவ்வளவு நன்றாக அவர் எழுதியதே இல்லை. செய்தித்தாள் கட்டுக்கு அடியில் செருகிவைத்தார்.

ஞாயிறு பதினொரு மணிக்கு மௌனிகா வந்தாள். காளிச்சாமி பால் வாங்கத் தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார். அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் அந்தத் தாள்கள்.

“பேப்பரை அடுக்கறப்ப கெடச்சுதுங்கப்பா. மறுபடி எழுதறீங்கன்னு சொல்லவே இல்லீங்களே! இன்னும் படிக்கலை. பிழை திருத்தித் தரட்டுங்களா?”

அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பேசினாள். வலது கை முதல் பக்கத்தின் மேல் இருந்தது. கையில் பென்சில்.

கை எழுதிக்கொண்டிருந்தது.

“கண்ணு. அதைக் கீழ வை.”

“எதைங்கப்பா?”

அவள் பார்வை அவர் முகத்தில்தான். கை தாளின் ஓரத்தில் வரிவரியாக இறங்கியது. கிட்டப் போனார். தலைகீழாகத் தெரிந்தது. புள்ளிக்குப் புள்ளி வட்டம்.

‘ஏனுங்க, நெஞ்சை அடைக்குதுங்க.’

‘ஏனுங்க, செத்த வாங்க.’

‘இன்னைக்கு மாசாந்திரக் கரண்டு கட்டுங்க. பட்டறை ஓடலீங்க. நாங் கூப்புடறது கேக்குதுங்கல்ல?’

மாதாந்திர மின்தடை. காலை ஒன்பதிலிருந்து ரெண்டு வரை. முப்பது வருஷம் அந்த அறிவிப்பை அவர்தான் எழுதி அனுப்பினார். அவள் செத்த அன்றைக்குத் தெருவே ஊமையாகக் கிடந்தது. மூன்றாவது குரலுக்குப் பிறகு அவள் மூச்சு இழுத்ததுகூடக் கேட்டது.

ஐந்து மாதமாக வராத பயம் இப்போது வந்தது. தாளைப் பிடுங்கக் கை எழவில்லை. பால் பாக்கெட் விரலில் தொங்கியபடி இருந்தது.

“ஏனுங்கப்பா, ஒரு மாதிரி பாக்கறீங்க? இதுல என்ன இருக்குது?”

மௌனிகா தலையைக் குனிந்தாள். முதல் வரியில் அவள் உதடு மெதுவாக அசைந்தது. சிரிப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. இரண்டாவது வரிக்கு வந்தாள். அவள் கை அடுத்த தாளைப் புரட்டி, பின்பக்கத்தில் மேலேயிருந்து எழுதத் தொடங்கியது.