அமுக்கும் வரைக்கும்

மழைக்கு முன்னால் ரெனிஷா கேட்ட கேள்விக்கு, மழை பிடித்த பிறகுதான் ஜெப்சன் பதில் சொன்னான்.

"ஆமா... காப்பி போடு."

அவள் திரும்பிப் பார்த்தாள். கணவன் நாற்காலியில் சரிந்திருந்தான். பட்டப்பகலிலேயே வீட்டுக்குள் ரப்பர் மரங்களின் இருட்டு. உலரப் போட்ட ரப்பர் ஷீட்டுகளின் புளித்த வாடை. ஓட்டில் விழும் மழைச் சத்தத்துக்கு அடியில் அவன் மூச்சு மட்டும் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, நிதானமாக, மிக நிதானமாக இழுத்து இழுத்து வந்தது. மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரு துடிப்பு. அடுத்தது வருமா என்று காத்திருந்தாள்.

கத்தாரிலிருந்து அவன் மச்சான் கொண்டுவந்த பிரஷர் மாத்திரை அட்டை மேசையில் காலியாகக் கிடந்தது.

"இத எப்பம் தின்னிய? ஆஸ்பத்திரி மாத்திரையும் தின்னியளா?"

"ரெண்டும்தான். தலக் கனம் விடல்ல, அதான் கூடுதலாத் தின்னேன். கல்ஃப் மருந்துல்லா, ஏட்டி..."

சிரிக்கப் பார்த்தவன் தரையில் விழுந்தான்.

ஸ்பீக்கரில் போட்ட போனில் அவன் தங்கை ஜெபிலா. ஆஸ்பத்திரியில் நர்ஸ். "மைனி, ரெண்டும் ஒரே மருந்தாக்கும், பேருதான் வேற. அது நெஞ்சக் கட்டிப் போட்டிருக்கு. ஆம்புலன்ஸ் வாற வழியில மரம் விழுந்து கெடக்காம். அதுவரைக்கும் நெஞ்ச அமுக்குங்க. மருந்து வேகம் இறங்கினா தானா அடிக்கும். நிறுத்தப்பிடாது."

பக்கத்து வீட்டார் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அமுக்கினாள். கைக்கடியில் ஏதோ மளுக்கென்று முறிந்தது.

அவன் கண்ணைத் திறந்தான்.

"ஜெபிலா! அவிய முழிச்சிட்டாவ!" கையை எடுத்தாள்.

கண்கள் மேலே செருகின. முகம் சாம்பல் பூத்தது. மணிக்கட்டில் ஒன்றுமில்லை.

"நெஞ்சு அடிக்கல்ல மைனி! நீங்க அமுக்குற ரெத்தந்தான் மூளைக்கிப் போவுது. அமுக்குங்க!"

அமுக்கினாள். கண்கள் திறந்தன. அவளைத் தேடின. கண்டுகொண்டன. கல்யாணமான நாளிலிருந்து இவன் இப்படி என்னைப் பார்த்ததில்லையே என்று நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கினாள்.

"நோவுது." அவன் குரலேதான். "ஏட்டி, நோவுது. விடு."

"இன்னும் கொஞ்ச நேரம். பொறுத்துக்கிடுங்க."

அவன் கை எழுந்து அவள் விரல்களைப் பிய்த்தது. அவள் கொடுத்த பலத்தில்தான் அவளைத் தள்ளினான். தள்ளினதும் செத்தான். அமுக்கினாள். கை மறுபடி வந்தது.

போன் அணைந்தது.

மழை. சைரன் இல்லை. தோள்கள் கடுத்தன.

அவன் வயிற்றின் மேல் கால் போட்டு ஏறினாள். அவன் கைகள் இரண்டையும் முழங்கால்களுக்கு அடியில் நசுக்கினாள். அமுக்கினாள்.

"ஆண்டவர நெனச்சி விடுட்டி..."

அமுக்கினாள்.

"ரெனி..."

அவள் அமுக்க அமுக்க, அவன் கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.