கரி தீர்ந்த மாஸ்க்

"அண்ணன் போட்டிருந்த மாஸ்க்கைக் குடுங்க."

எதை மட்டும் கேட்டு வம்பை இழுக்கக் கூடாது என்று அண்ணி கையைப் பிடித்துச் சொல்லி அனுப்பினாளோ, அதைத்தான் அவள் முதலில் கேட்டாள்.

பட்டறை முதலாளி நிமிர்ந்தார்.

"அவன் போனது மாரடைப்புலம்மா."

"மூச்சு முட்டி விழுந்தவரைத் தூக்கினவ நான். குடுங்க சார்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெயின்ட் அறை. பாதி மட்டும் சிவப்பு ஏறிய கார்... மீதியை அடிக்க அண்ணன் இல்லை.

மாஸ்க் மேஜையில் வந்து விழுந்தது.

ஃபில்டரைத் திருகிக் கழற்றினாள். விளிம்பில் பேனாவில் எழுதிய தேதி. போன வருடத்துத் தேதி.

"மாசம் ஒண்ணு மாத்தணும். ஒரு வருஷமா இதே ஃபில்டரா?"

"கம்ப்ரஸர்ல காத்தடிச்சா புதுசாயிடும். எல்லாப் பட்டறையிலயும் அதான். உங்கண்ணனே அடிச்சுக்குவான்."

"காத்தடிச்சா தூசி போகும். உள்ள இருக்கற கரி குடிச்ச விஷம் எங்க போகும்? ஹார்டனர் கலந்த பெயின்ட் சார், மூச்சுக்குழலையே அடைச்சிடும். ஃபேனையும் நிறுத்தியிருக்கீங்க."

"போட்டா புகை பின்தெருவுக்குப் போகுது. சண்டைக்கு வராங்க."

"புகைபோக்கிக்கு ஃபில்டர் வெச்சா ஏன் வரப்போறாங்க?"

"காலேஜ் படிச்ச வாயி..."

சிரித்தபடி ஒரு நோட்டைத் தள்ளினார்.

"படி."

மாதாமாதம் புது ஃபில்டர் வழங்கப்பட்டது. சரிபார்த்தவர்: சேஃப்டி ஆபீசர்.

பன்னிரண்டு கையெழுத்து.

பன்னிரண்டும் அவளுடையது!

இதே பட்டறையில் சேஃப்டி ஆபீசராகச் சேர்ந்த அன்று, குடும்பத்தின் முதல் பட்டதாரி, சுழல் நாற்காலி கிடைத்த மயக்கத்தில் வருடம் முழுமைக்கும் படிக்காமலே ஒரே மூச்சில் போட்டது. கதவோரம் நின்று அண்ணன் பூரித்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாளிலிருந்து போன் எடுக்கிற வேலைதான். பெயின்ட் அறைப் பக்கம் அவளை யாரும் விடவில்லை. அவளும் கேட்கவில்லை.

"கேஸ் போட்டா உள்ள போறது நீ. பேசாம வீட்டுக்குப் போய் அண்ணியைப் பாரு."

பொய்யில்லை. தப்பிக்க ஒரு சந்துகூட இல்லை. தப்பித்தாலும் அண்ணன் வரப்போவதில்லை.

மாஸ்க்கைப் பையில் போட்டாள். நோட்டையும் போட்டாள்.

"ஏய்... அது எதுக்கு?"

"புது ஃபில்டர் குடுத்ததா நோட்டு சொல்லுது. இல்லைன்னு மாஸ்க் சொல்லுது. ரெண்டையும் போலீஸ் ஸ்டேஷன்ல பேச விடப்போறேன்."

"பைத்தியமா உனக்கு? மொதக் குற்றவாளி நீதான்டி!"

வாசல் தாண்டியவள் திரும்பாமலே சொன்னாள்.

"ஸ்கூல்லேர்ந்தே எனக்கு ஃபர்ஸ்ட் ரேங்க்தான் சார். செகண்ட் ரேங்க் நீங்க வாங்கிக்கங்க."